கூண்டு ஏற்றும் பெரியவர் படம்: எந்த விருதுக்கு உண்மையில் வாய்ப்பு?

முதுநகர் அக்கா (கடலூர்) எழுதியது:

வணக்கம். என் தம்பி எடுத்திருக்கும் முதல் படம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. எடிட்டிங் முடிந்து, சென்னையில் மிக்ஸிங் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை அவன் இன்னும் வெளியே சொல்லவில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை. கணக்கு வழக்கு, சாப்பாடு, வண்டி, அனுமதிக் கடிதம் எல்லாம் பார்த்தவள் நான். தயாரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர்தான் வரப்போகிறது. இனி எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி என் தலையில்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் "கடலூர், நாகை, புதுச்சேரி துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தியில் வாசிப்பார்களே, அந்தக் கூண்டை ஏற்றுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வேலை முடிந்தாலும் அவர் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டு, தகரத்தில் கூம்பும் உருளையும் அடித்து, வீட்டு நிலவரத்துக்குக் கூண்டு ஏற்ற ஆரம்பிக்கிறார். மருமகள் காலையில் பேசாமல் காபி வைத்துவிட்டுப் போனால் 1-ஆம் எண். மகன் சம்பளத்தில் பாதியை வெளியிலேயே தீர்த்துவிட்டு வந்தால் 3-ஆம் எண். ராத்திரிக்குச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். தெரு முதலில் சிரிக்கிறது. அப்புறம் அந்தக் கம்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடன் கேட்கப் போகிறார்கள், பெண் பார்க்கப் போகிறார்கள், பங்காளி வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு ஏத்துங்க தாத்தா" என்று வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் அவர் 11-ஆம் எண் ஏற்றுகிறார். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான எண் அது. ஏற்றிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகு வரும் 20 நிமிடத்தில் படத்தில் ஒரு வசனம் கிடையாது. காற்று, தகரம் மோதும் சத்தம், கப்பியில் கயிறு இழுபடுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி, துறைமுகத்தில் லாஞ்சு கிளம்புவது, அவ்வளவுதான். மொத்தம் 96 நிமிடம்.

பெரியவராக நடித்தவர் பண்ருட்டிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர். காலமெல்லாம் கட்டியக்காரன் வேஷம் கட்டி ராத்திரி முழுக்கப் பேசியே பழகியவர். அவரைப் பேசவே விடாமல் 20 நிமிடம் வைத்திருக்கிறான் என் தம்பி. மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் தெரு ஆட்கள். டப்பிங் கிடையாது, எல்லாம் அந்தந்த இடத்திலேயே பதிவு செய்த ஒலி. செலவு 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் அப்பாவின் ஓய்வூதியப் பணம் இருக்கிறது, என் சீட்டுப் பணம் இருக்கிறது, சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் நண்பர்கள் போட்டது இருக்கிறது.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சென்னையில் வியாபாரம் தெரிந்த ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கடைசி 20 நிமிடத்தை 6 நிமிடமாக்கி, பெரியவர் மனதில் நினைப்பதைக் குரலாக வைத்து, ஒரு பாட்டும் போட்டால் தேசிய விருது நிச்சயம் என்கிறார். இன்னொருவர் பணம் கட்டினால் வெளிநாட்டு விழாக்களில் வரிசையாக விருது வாங்கித் தருவதாகச் சொல்லிப் பட்டியலே அனுப்பியிருக்கிறார். ஒரு பட்டியலில் 40 விழா இருந்தது, ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் 31-க்குள் சென்சார் வாங்கிவிட வேண்டும் என்று வேறு ஒருவர் அவசரப்படுத்துகிறார். தம்பியின் நண்பர்கள் ஆஸ்கர் என்கிறார்கள்.

எனக்கு வேண்டியது பாராட்டு இல்லை. தேசிய விருது, வெளிநாட்டு விழா, ஆஸ்கர், நம் மாநில விருது என்று இருக்கிறதே, இதில் இந்த மாதிரி ஒரு கிறுக்குத்தனமான படத்துக்கு எது எட்டும், எது எட்டாது? சென்சாரை டிசம்பரில் வாங்குவதா, ஜனவரிக்குத் தள்ளுவதா? அந்த 20 நிமிடத்தில் கை வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியோடு இருப்பேன்.

*

ரெயின்போ நகர் (புதுச்சேரி) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். லாஸ்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் உங்கள் தம்பி எடிட்டிங் பிரதியைப் போட்டுக் காட்டியபோது நானும் இருந்தேன். அதனால் கதையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு இடம். பெரியவர் கூம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறார். மருமகள் வடாம் பிழிந்து காய வைக்க மாடிக்கு வருகிறாள். கம்பத்தை நிமிர்ந்து பார்க்கிறாள், அன்றைக்கு 3-ஆம் எண். ஒன்றும் சொல்லாமல் வடாம் துணியை நிழலில்லாத மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மாமனார் பக்கத்தில் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து எண்ணை 1-ஆக இறக்குகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம், ஒருத்தர் அழுதார். இப்படி ஒரு இடத்தை எழுதத் தெரிந்த பையனுக்கு முதல் படத்திலேயே பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் அது எந்த வாசல் வழியாக வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேசிய விருது என்றதும் நம் ஆட்கள் ‘சிறந்த தமிழ்ப் படம்’ என்ற ஒன்றைத்தான் நினைப்பார்கள். அந்தப் பிரிவை எதிர்பார்க்காதீர்கள். நம் விசித்திரமான படங்கள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாக உள்ளே போனதில்லை. உங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்தையே பாருங்கள். 1964-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் ‘கை கொடுத்த தெய்வம்’. சிவாஜி, சாவித்திரி நடித்தது. ஜெயகாந்தன் படத்துக்கு அகில இந்திய அளவில் மூன்றாம் இடம் கிடைத்தது. அந்த வருடம் முதலிடத்தில் இருந்தது சத்யஜித் ராயின் ‘சாருலதா’. 2011-இல் ‘ஆரண்ய காண்டம்’ அறிமுக இயக்குனர் விருதும் எடிட்டிங் விருதும் வாங்கியது, சிறந்த தமிழ்ப் படம் ‘வாகை சூட வா’. 2014-இல் ‘காக்கா முட்டை’க்குக் குழந்தைகள் பட விருது, சிறந்த தமிழ்ப் படம் ‘குற்றம் கடிதல்’. 2019-இல் ஒரே ஆள் நடித்த ‘ஒத்த செருப்பு’க்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது, சிறந்த தமிழ்ப் படம் ‘அசுரன்’. 2020-இல் ‘மண்டேலா’வுக்கு அறிமுக இயக்குனர் விருதும் வசன விருதும், சிறந்த தமிழ்ப் படம் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’.

எதிர் உதாரணமும் உண்டு. ‘டூலெட்’, ‘பாரம்’, ‘கடைசி விவசாயி’ மூன்றுமே சிறிய படங்கள், மூன்றுமே சிறந்த தமிழ்ப் படங்கள். ‘பாரம்’ எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில், இங்குள்ள நாடகக் கலைஞர்களை வைத்து எடுத்தது. ஆனால் அவை நேராக ஒரு பிரச்சினையைப் பேசுகிற படங்கள். வாடகை வீடு, முதியவர் கொலை, விவசாயம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். நடுவர் அறையில் ஒரு படத்துக்காக வாதாடுகிறவருக்கு அந்த ஒரு சொல் பெரிய பலம். உங்கள் தம்பி படத்துக்கு அப்படி ஒரு சொல் கிடையாது, அதுதான் அதன் அழகு. அதற்காக வாதாடுகிறவர் நடிப்பையோ ஒலியையோ இயக்கத்தையோ பிடித்துக்கொண்டுதான் பேசுவார்.

எனவே என் கணக்கு இது. அறிமுக இயக்குனர் பிரிவில் நல்ல வாய்ப்பு. இப்போது அதற்கு ‘இந்திரா காந்தி விருது’ என்ற பழைய பெயர் இல்லை, ‘ஒரு இயக்குனரின் சிறந்த அறிமுகப் படம்’ என்கிறார்கள், பரிசு தங்கத் தாமரைப் பதக்கமும் 3 லட்சமும். எல்லா மொழிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்பதால் போட்டி கடுமை. அடுத்த வாய்ப்பு ஒலி. அப்புறம் அந்தக் கூத்துக் கலைஞர். சிறந்த நடிகர் என்று பெயர் வராவிட்டாலும் ‘கடைசி விவசாயி’யில் நடித்த நல்லாண்டிப் பெரியவருக்குக் கொடுத்தது போலச் சிறப்புக் குறிப்பு கிடைக்க இடமிருக்கிறது. அவர் மறைந்த பிறகுதான் அது வந்தது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் கலைஞர் மேடையேறி வாங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தேதி விஷயம். தேசிய விருதுக்குப் படம் எப்போது வெளியானது என்பது கணக்கே இல்லை, சென்சார் சான்றிதழில் எந்த வருடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ‘மண்டேலா’வை நாம் பார்த்தது 2021 ஏப்ரலில், விருது 2020-க்கு. ஒரு படத்துக்கு அந்த ஒரு வருடம்தான் வாய்ப்பு. விட்டால் திரும்ப வராது. முடிவும் உடனே வராது, 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதை 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதிதான் அறிவித்தார்கள். ஆகவே அந்தப் பரிசுப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

டிசம்பர் அவசரம் உங்களுக்குத் தேவையில்லை என்பதே என் எண்ணம். மிக்ஸிங் முடியவில்லை. சான்றிதழ் வாங்கிய பிறகு ஒரு காட்சியை மாற்றினாலும் சென்சார் வாரியத்துக்குத் திரும்பத் தெரிவிக்க வேண்டும். அவசரத்தில் அரைகுறை ஒலியோடு சான்றிதழ் வாங்கி, அந்தப் பிரதியோடு மாட்டிக்கொள்வது ஒலியை நம்பி நிற்கிற படத்துக்கு நல்லதல்ல. ஜனவரியில் வாங்கினால் அடுத்த வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கும். இன்னொன்று, வாரியம் ஏதாவது வெட்டச் சொன்னால் முன்பு டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது, ‘ஆரண்ய காண்டம்’ அங்கே போய்த்தான் பிழைத்தது. 2021-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது மறு ஆய்வுக் குழுவிலும் தீரவில்லை என்றால் உயர் நீதிமன்றம்தான். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை என்றாலும், மகன் குடிக்கிற இடத்திலும் பீடி பிடிக்கிற இடத்திலும் எச்சரிக்கை வாசகம் போட மறக்க வேண்டாம்.

மாநில விருதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2009 முதல் 2014 வரையிலான ஆறு வருட விருதுகளை 2017-இல் மொத்தமாக அறிவித்து, 2022-இல் கொடுத்தார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊர் விருதுக்குக் கண்டிப்பாக அனுப்புங்கள். புதுச்சேரி அரசின் செய்தித் துறையும் நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் சிறந்த படத்துக்கு விருது கொடுக்கிறார்கள். சுவாமிகள் 1922-இல் காலமானதும் எங்கள் ஊரில்தான், கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கிறார். நாடக மேடைக்கே வாழ்ந்த மனிதர் பெயரில் உள்ள விருது, ஒரு கூத்துக் கலைஞர் தாங்குகிற படத்துக்கு வருவது எவ்வளவு பொருத்தம்!

அந்த 40 விழாப் பட்டியலைக் குப்பையில் போடுங்கள். பணம் கட்டினால் இலை வளையம் போட்ட போஸ்டர் ஒன்று மின்னஞ்சலில் வரும். அதை எந்தத் தேர்வாளரும் மதிப்பதில்லை. அந்தப் பணத்தை நல்ல ஆங்கில சப்டைட்டிலுக்குச் செலவழியுங்கள், தேசிய விருதுக்கும் அது கட்டாயம்.

20 நிமிடத்தில் கை வைக்காதீர்கள். அதை 6 நிமிடமாக்கினால் அது ஒரு நல்ல தொலைக்காட்சிக் கதையாகிவிடும், விருதுக்கு அனுப்பவே காரணம் இருக்காது. பெரியவர் மனதில் என்ன ஓடுகிறது என்று குரல் கொடுத்துச் சொல்லிவிட்டால் 11-ஆம் எண்ணுக்கு என்ன அர்த்தம் மிஞ்சும்?

*

மிக்ஸிங் ரூம் (நெய்வேலி, இப்போது சென்னை) எழுதியது:

அக்கா, நான் ஒலித் துறையில் உதவியாளன். ரெயின்போ நகர் சார் சொன்னதில் ஒலி பற்றி ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். முன்பு தேசிய விருதில் ஒலிக்கு மூன்று தனி விருது இருந்தது: படப்பிடிப்பு இடத்தில் ஒலி பதிவு செய்தவருக்கு ஒன்று, ஒலி வடிவமைப்பாளருக்கு ஒன்று, கடைசி மிக்ஸிங் செய்தவருக்கு ஒன்று. ‘ஒத்த செருப்பு’க்கு ரசூல் பூக்குட்டி வாங்கியது அந்த மூன்றாவது. 70-ஆவது விருதுகளிலிருந்து, அதாவது 2022-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, மூன்றையும் ஒன்றாக்கி ‘சிறந்த ஒலி வடிவமைப்பு’ என்று ஆக்கிவிட்டார்கள். மூன்று வாசல் ஒன்றாகிவிட்டது, அந்த ஒன்றில் பெரிய படங்களும் நிற்கின்றன. 70-ஆவதில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்குப் போனது. உங்கள் தெருவில் மைக் பிடித்து நின்ற பையனின் உழைப்புக்குத் தனியாக ஒரு விருது இப்போது இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் பெரிய வாய்ப்பு வெளிநாட்டு விழாவில்தான். சும்மா சொல்லவில்லை. ‘கூழாங்கல்’ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முதல் படம், தெரிந்த முகம் இல்லை, வசனம் குறைவு. 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருது வாங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த வருட ஆஸ்கருக்கு இந்தியாவின் படமாகத் தேர்வானது. அதை இயக்கிய வினோத்ராஜின் அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024-இல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. ‘விசாரணை’யும் முதலில் 2015-இல் வெனிஸ் போய்விட்டுத்தான் தேசிய விருதுக்கும் அப்புறம் ஆஸ்கர் தேர்வுக்கும் வந்தது. பெரிய விழா ஒன்று முதலில் கை கொடுத்தால், இங்கே உள்ளவர்கள் அதே படத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். நியாயமோ இல்லையோ, நடப்பது அதுதான்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ராட்டர்டாம் ஜனவரி கடைசியில், பெர்லின் பிப்ரவரியில், கான் மே மாதம், லொகார்னோ ஆகஸ்டில். எல்லாரும் உலகத்தின் முதல் திரையிடல் தங்களிடம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நீங்கள் ஆசைப்பட்டு ஏதோ ஒரு சின்ன விழாவில் முதலில் போட்டுவிட்டால் பெரிய கதவு மூடிவிடும். யூடியூபில் வேண்டாம், ஓடிடிக்கு இப்போதே பேச வேண்டாம். விண்ணப்பத் தேதிகளை அவர்கள் தளத்தில் இன்றைக்கே பாருங்கள். இந்த முறை ராட்டர்டாமுக்கு நேரம் போயிருந்தால் லொகார்னோவுக்குக் காத்திருக்கலாம், மோசமில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். விழாவுக்கு முன்தேர்வு செய்கிறவர்கள் தியேட்டரில் பார்ப்பதில்லை. லிங்க் அனுப்புவோம், லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பார்கள். தியேட்டருக்கான மிக்ஸை அப்படியே சுருக்கி அனுப்பினால் அந்தக் கடைசி 20 நிமிடத்தில் கப்பிச் சத்தமும் தூரத்து லாஞ்சும் காணாமல் போய்விடும். ஹெட்போனுக்கென்று தனியாக ஒரு ஸ்டீரியோ மிக்ஸ் செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள் கூடுதல் வேலை, ஆனால் விதியையே மாற்றிவிடும்.

ஆஸ்கர் பற்றி. இந்தியாவிலிருந்து ஒரே ஒரு படம், அதை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தேர்வுக் குழு முடிவு செய்யும். 1969-இல் ‘தெய்வ மகன்’ தொடங்கிப் பல தமிழ்ப் படங்கள் போயிருக்கின்றன, ஒன்றுகூட இறுதி ஐந்தில் வந்ததில்லை. தியேட்டரில் தொடர்ந்து ஏழு நாள் டிக்கெட் விற்று ஓடியிருக்க வேண்டும், அதுவும் ஓடிடிக்கு முன்னால். ஒருவேளை தேர்வானாலும் அமெரிக்காவில் உறுப்பினர்களைப் பார்க்க வைக்க விளம்பரச் செலவு தனி. பெரிய விழா ஒன்று கிடைக்கட்டும், அப்புறம் இதைப் பேசலாம்.

ஒன்று கேட்க வேண்டும். படத்தில் ஆடு வருகிறதா? வந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி இல்லாமல் சென்சார் நகராது. சென்னையில் இருந்த தலைமை அலுவலகம் ஹரியானாவுக்குப் போய்விட்டது, காகிதம் நகர நாள் ஆகும்.

*

தேவனாம்பட்டினம் (கடலூர்) எழுதியது:

அக்கா, ராட்டர்டாம் வரைக்கும் போகட்டும், சந்தோஷம். ஆனால் முதலில் எங்களுக்குக் காட்டுங்கள் என்று நானும் கேட்பேன், முதுநகரில் நடித்தவர்களும் கேட்பார்கள். நாங்கள் எல்லாம் உங்கள் படப்பிடிப்புக்கு வண்டி கொடுத்திருக்கிறோம், சத்தம் போடாமல் நின்றிருக்கிறோம். கடற்கரையில் திரை கட்டிப் போட்டால் ஊரே வரும்.

கூண்டு என்றால் உங்கள் படம் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு வேடிக்கை. எங்களுக்கு அப்படி இல்லை. 2004 டிசம்பரில் கூண்டும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 2011-இல் ‘தானே’ புயல் வந்தபோது எத்தனை வீட்டுக்கூரை போனது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் அந்தப் பெரியவர் 11 ஏற்றுகிற கதையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விருதுக் குழுவில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் போதும், ஜெயித்துவிடும். சப்டைட்டில் போடும்போது 1 என்றால் என்ன, 11 என்றால் என்ன என்று படத்தின் தொடக்கத்திலேயே நாலு வரி போட்டுவிடுங்கள்.

*

ரெயின்போ நகர் எழுதியது:

மிக்ஸிங் ரூம் தம்பி சொன்ன ஸ்டீரியோ விஷயம் எனக்கு யோசனையே வரவில்லை, மிக நல்ல ஆலோசனை.

நடித்தவர்கள், வேலை செய்தவர்கள், அவர்கள் குடும்பம் என்று அழைப்பின் பேரில் மூடிய மண்டபத்தில் டிக்கெட் இல்லாமல், விளம்பரம் இல்லாமல் போட்டால் எந்த விழாவும் அதைப் பொதுத் திரையிடலாக எடுத்துக்கொள்ளாது. கடற்கரையில் திரை கட்டினால் அது பொதுத் திரையிடல், மறுநாள் பத்திரிகையிலும் வந்துவிடும். அதைப் பெரிய விழா முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எண்களுக்குத் தொடக்கத்தில் விளக்கம் போடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முதல் அரைமணி நேரத்திலேயே தெருப் பிள்ளைகள் எண்ணைப் பாட்டாகப் பாடி நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 11 மட்டும் அந்தப் பாட்டில் இல்லை. பார்க்கிறவன் அதைப் பெரியவரோடு சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

*

முதுநகர் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். 20 நிமிடம் பற்றிய பகுதியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னான்.

முடிவுகள் இவை. சென்சாருக்கு ஜனவரியில்தான் போகிறோம். மிக்ஸிங் செய்கிறவரிடம் ஹெட்போனுக்குத் தனி ஸ்டீரியோ மிக்ஸ் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். 40 விழாக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி போய்விட்டது. கடைசிக் காட்சியில் ஒரு நொடியும் குறையாது, குரலும் வராது, பாட்டும் வராது. சென்னைக்காரரிடம் இதைச் சொன்னபோது ‘அப்புறம் உங்கள் இஷ்டம்’ என்றார். ஆமாம், எங்கள் இஷ்டம்தான். இந்தப் பணத்தை எங்கள் அப்பா தன் பையன் நினைத்ததை எடுக்கட்டும் என்றுதான் கொடுத்தார்.

மிக்ஸிங் ரூம் தம்பி, ஆடு வருகிறது. 5-ஆம் எண் ஏற்றிய நாளில் மாடிப்படியில் ஏறி வந்து வடாத்தைத் தின்னும். படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்கிறோம், கால்நடை மருத்துவர் சான்றும் கோப்பில் இருக்கிறது. படம் முடிந்தபின் வாங்க வேண்டிய தடையின்மைச் சான்றுக்கு இந்த வாரமே எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம் தம்பி, நடித்தவர்களுக்கும் வண்டி கொடுத்தவர்களுக்கும் பொங்கலுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போடுகிறோம். அழைப்பு கைக்கு வந்து சேரும், செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கடற்கரைத் திரை பிறகு கட்டாயம் உண்டு, திரை கட்டும் பொறுப்பு உங்களுடையது.

ரெயின்போ நகர் சார், ஆங்கில சப்டைட்டில் எழுத எங்கள் வட்டாரப் பேச்சு காதில் விழுந்தால் புரிகிற ஒருவர் வேண்டும். புதுச்சேரியில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். சம்பளம் உண்டு, பெயரும் படத்தில் வரும்.